பிறந்த குழந்தையின் ஈரலில் நீர்க்கட்டி: எப்போது சத்திரசிகிச்சை?

முல்லைத்தீவில் இருக்கும் என் மாமி, கர்ப்பிணியான மகளின் ஸ்கேன் அறிக்கையோடு வந்தார். வயிற்றுப்பிள்ளையின் ஈரலில் நீர்க்கட்டி என்று அதில் இருந்தது. இறுதி யுத்தத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். “பிறந்த உடனே கத்தி வைக்க வேணுமோ தம்பி?” என்று கேட்டார். அவருக்காகத் தேடி அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஈரலில் தோன்றும் சாதாரண நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை சிறியவை. பித்தக் குழாயோடு தொடர்பில்லாதவை. இவற்றுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. குறித்த கால இடைவெளியில் ஸ்கேன் செய்து அவதானிப்பார்கள். சில தாமாகவே சுருங்கிவிடும்.

கட்டி பெரிதாகி இரைப்பையை அழுத்தினால் குழந்தை வாந்தி எடுக்கும், பால் குடிக்காது, மூச்சுவிடச் சிரமப்படும். கட்டிக்குள் இரத்தம் கசிவதும் கிருமி தொற்றுவதும் உண்டு. அப்போதுதான் சத்திரசிகிச்சை. ஊசியால் நீரை எடுத்தால் மட்டும் போதாது. உட்சுவரே நீரைச் சுரப்பதால் மீண்டும் நிரம்பும். ஆகவே ஈரலுக்கு வெளியே தெரியும் சுவரை வெட்டி அகற்றி, கட்டியைத் திறந்து விடுவார்கள். பிறகு சுரக்கும் நீரை வயிற்றறையின் சவ்வு உறிஞ்சிக்கொள்ளும். முடிந்தால் கட்டியை முழுதாகவே எடுப்பார்கள். பித்தக் குழாயோடு தொடர்பு உண்டா என்று முதலில் பார்ப்பது அவசியம். இருந்தால் பித்தம் வயிற்றுக்குள் கசியும்.

அவசரமானது வேறொன்று. ஈரலின் கீழ்ப்புறம், பித்தக் குழாய் வெளிவரும் இடத்தில் தெரியும் கட்டி, அந்தக் குழாயே வீங்கியதாகவோ, குழாய் அடைபட்டதன் அடையாளமாகவோ இருக்கலாம். வீங்கிய குழாயென்றால் அதை அகற்றி, மிஞ்சிய மேற்பகுதியோடு சிறுகுடலைப் பொருத்துவார்கள். அடைப்பென்றால், ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய முறையில், குடலை ஈரலோடு நேரடியாகவே தைப்பார்கள். இதைப் பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். பிந்தினால் ஈரல் தழும்பேறிக் கெடும்.

ஆகவே பிறந்து 14 நாட்களுக்குப் பிறகும் செங்கண்மாரி நீடித்தாலோ, மலம் வெள்ளையாக அல்லது வெளிறிய களிமண் நிறத்தில் போனாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை வைத்தாலோ, பிள்ளையை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். பித்தம் தேங்குகிறதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும்.

மாமியின் பேத்திக்கு இப்போது எட்டு மாதம். கட்டி சுருங்கிவிட்டது, கத்தி வைக்கவில்லை. ஆனாலும் முதல் இரண்டு மாதமும் ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் மாமி தோய்த்தார்.