கூண்டில் நிலைத்த ஜெலாத்திக்

1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய பினாங்குக் குடியேற்றம், 1969 வரை சுங்கவரியற்ற துறைமுகமாக விளங்கிற்று. இத்தகைய துறைமுகங்களை இணைத்த கடல்வழிகளே சிறு பறவைகள் பலவற்றை நாடு கடத்தின.

அவற்றுள் ஒன்று, மலாய் மக்கள் ‘ஜெலாத்திக்’ என்னும் ஜாவாச் சில்லை. சாம்பல் உடலும் கரிய தலையும் வெண்கன்னமும் செவ்வலகும் உடையது. லின்னேயஸ் 1758இல் ‘நெல் தின்பது’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். ஜாவா, பாலித் தீவுகளுக்குரிய அப்பறவை கூண்டினின்று தப்பி மலாயாவிலும் குடியேறிற்று. தாயகத்திலோ, ஓயாது பிடிக்கப்பட்டமையால் அருகிற்று. 1997இல் அதன் பன்னாட்டு வாணிகம் கட்டுப்படுத்தப்பட்டது.

எனினும் வளர்ப்போரிடம் அது மறையவில்லை. ஜப்பானியர் முதலியோர் அதனைக் கூண்டிலேயே குஞ்சு பொரிக்கச் செய்தனர். வெண்ணிற வகையையும் தோற்றுவித்தனர். 1960இல் ஆஸ்திரேலியா பறவை ஏற்றுமதியைத் தடுத்தபின், அந்நாட்டுக் கூல்டியன் சில்லை பிறநாட்டுக் கூண்டுகளில் நிலைத்ததும் இவ்வாறே.

ஆப்பிரிக்கச் சில்லைகள் பலவற்றுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. காட்டில் பிடித்தவை மலிவாகக் கிடைத்தவரை, அவற்றை இனம்பெருக்க முயன்றோர் சிலரே. ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதியை 2005இல் தற்காலிகமாகவும் 2007இல் நிலையாகவும் நிறுத்தியபோது, அவை அங்குள்ள கூண்டுகளில் அரியவாயின.

எனவே, வளர்ப்போர் கடன் பறவையை வாங்குவதோடு முடிவதன்று. அடுத்த தலைமுறையைப் பேணுதலும் அதன்பாற்பட்டதே.