ஐந்து அங்குலச் சரித்திரம்



சரித்திரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மன்னர்கள், போர்கள், மனப்பாடம் செய்ய வேண்டிய ஆண்டுகள். அவ்வளவுதானே? கடையில் விற்கும் விமான மாதிரிப் பெட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். குண்டு போடும் விமானம், பீரங்கி வைத்த விமானம். "சண்டை விமானம்தான் சார் நல்லா இருக்கு!" என்று பையன்கள் சொல்வார்கள். சாதாரண மக்கள் ஏறிப் போன சின்ன விமானங்களைத் தேடுவோர் குறைவு. அந்தச் சின்ன விமானங்களுக்காகத்தான் நான் இங்கே பேச வந்திருக்கிறேன்.

முதலில் மாதிரியின் கதையைக் கேளுங்கள். 1932-இல் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரில் மரத்தால் செய்யும் விமான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் அளவு 72-இல் ஒரு பங்கு. ஏன் 72? ஆறடிக்கு 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் மாதிரியில் ஓர் அங்குலம் இருப்பான். கணக்கு சுலபம் பாருங்கள்! 1936-இல் 'ஃப்ராக்' நிறுவனம் அதே அளவில் பிளாஸ்டிக் மாதிரிகளைக் கொண்டுவந்தது.

பிறகு யுத்தம் வந்தது. எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்களுக்குக் கற்பிக்க மாதிரிகள் தேவைப்பட்டன. 1942-இல் அமெரிக்கக் கடற்படை 5 லட்சம் மாதிரிகள் செய்து தரும்படி பள்ளிக்கூடங்களையே கேட்டுக்கொண்டது. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, கறுப்புச் சாயம் அடித்து அனுப்பினார்கள். விளையாட்டுப் பொருள் போர்ப் பாடமாக மாறியது. யுத்தம் முடிந்தும் பெட்டிகளின் மேல் போர்ப் படமே அதிகம் நின்றுவிட்டது.

ஆனால் சின்ன விமானத்துக்குள் எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது, தெரியுமா? ஒன்றே ஒன்று சொல்கிறேன். மாணவிகளே, நீங்கள் குறிப்பாகக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு மீன் வியாபாரியின் மகள் ஏமி ஜான்சன். 1903-இல் பிறந்தவர். அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டக் கற்றார். அதோடு நிற்கவில்லை. இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும் கற்று, 1929-இல் விமானப் பொறியாளர் உரிமம் பெற்றார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1930 மே 5-ஆம் தேதி, 'ஜேசன்' என்று பெயரிட்ட ஜிப்சி மாத் விமானத்தில் தன்னந்தனியாக லண்டனுக்கு அருகிலிருந்த கிராய்டனிலிருந்து கிளம்பினார். மரமும் துணியும் கொண்டு செய்த விமானம் அது. 100 குதிரைசக்தி இயந்திரம் ஒன்றுதான். ரங்கூனுக்கு அருகே இறங்கும்போது பள்ளத்தில் விழுந்து இறக்கை உடைந்தது. அங்கிருந்த தொழிற்கல்விக் கூடத்தார் கைகொடுத்துப் பழுது பார்த்தார்கள். பாங்காக் வழியாக வந்து, நம்ம சிங்கப்பூரிலும் இறங்கிப் போனார். மே 24-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தார். பெண் ஒருவர் இந்த வழியைத் தனியாகப் பறந்து கடந்தது அதுவே முதல் தடவை. அந்த ஜேசன் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

அந்த விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 30 அடி. நீளம் ஏறக்குறைய 24 அடி. 72-ஆல் வகுத்துப் பாருங்கள். அகலம் ஐந்து அங்குலம், நீளம் நான்கு அங்குலம்! உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். ஃப்ராக் நிறுவனம் இதையும் ஒரு காலத்தில் மாதிரியாக விற்றது.

செய்யும் முறையிலும் பாடம் உண்டு. இது இரட்டை இறக்கை விமானம். மேல் இறக்கையை ஒட்டும் முன்பே உள்பக்கத்துக்குச் சாயம் அடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு தூரிகை நுழையாது. சாயத்தை ஒரேயடியாக அப்பக் கூடாது. மெல்லியதாக இரண்டு தடவை, நன்றாகக் காயவிட்டு அடிக்க வேண்டும். இறக்கைகளுக்கு நடுவே உள்ள கம்பிகளுக்கு அம்மாவின் தையல் நூல் போதும். நிறத்தை மட்டும் மனம்போன போக்கில் போட்டுவிடாதீங்க. ஜேசனின் உடல் கரும்பச்சை, எழுத்துகள் வெள்ளி நிறம். படத்தைப் பார்த்து, அதேபோல அடிக்க வேண்டும். சிவப்பு அடித்தால் அது வேறு யாருடைய விமானமோ ஆகிவிடும்! இன்னொன்று, மாதிரி செய்வோர் விரும்பும் ஹம்ப்ரால் சாயம் 1919-இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் சரக்கு. அதுவும் ஏமியின் ஹல் நகரில் தொடங்கியதுதான்.

நம் நாட்டுக்கும் சின்ன விமானச் சரித்திரம் உண்டு. சிங்கப்பூரில் கார் வியாபாரம் செய்த வியர்ன் சகோதரர்கள் 1937 ஜூன் 28-இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு மார்க்கத்தில் பயணிகள் விமானம் விட்டார்கள். டிராகன் ரபீட் என்ற அந்த மர விமானத்துக்கு இரண்டு இயந்திரங்கள். ஜப்பானியர் படையெடுப்போடு அந்தச் சேவை நின்றது. 48 அடி இறக்கை. மாதிரியில் சரியாக எட்டு அங்குலம். பிரான்சின் ஹெல்லர் நிறுவனம் இதன் மாதிரியை வெளியிட்டிருக்கிறது.

பெட்டி வாங்கக் காசு இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். பிஸ்கட் பெட்டி அட்டை, பசை, ஓர் அளவுகோல், 72 என்ற எண் இருந்தால் போதும். எட்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு ஆரம்பியுங்கள். போரில் அழித்தவர்களை மட்டுமல்ல, துணிந்து வழி காட்டியவர்களையும் நம் பிள்ளைகளின் கைகள் அறியட்டும். கையால் செய்த சரித்திரத்தைப் பரீட்சை முடிந்தாலும் மனம் மறக்காது.