வைத்திலிங்கம், வெ.

புதுச்சேரி அரசியல்வாதி, காங்கிரஸ்காரர். விவசாயத்தைத் தொழிலாகக் கொண்டவர். இருமுறை புதுச்சேரி முதலமைச்சராக இருந்தவர். 2019 முதல் மக்களவை உறுப்பினர்.

பிறந்தது 1950 அக்டோபர் 5. ஊர் நெட்டப்பாக்கம் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியைச் சேர்ந்த மடுகரை. நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற துண்டு நிலங்களில் ஒன்றான இது தமிழ்நாட்டு எல்லைக்குள் தனித்துக் கிடக்கிறது; புதுச்சேரி நகரத்திலிருந்து அங்கே போகத் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். ஆனால் விடுதலை வரலாற்றில் நகரத்தை முந்திக்கொண்டது இந்தப் பகுதிதான். 1954 மார்ச் இறுதியில், பின்னாளில் முதலமைச்சரான எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில்தான் இந்தியக் கொடியை ஏற்றினார். நகரம் கைமாறியது அவ்வாண்டு நவம்பர் 1இல்.

தந்தை வெங்கடசுப்பா ரெட்டியார் (1909–1982) விடுதலைப் போராட்ட வீரர், நிலக்கிழார். குபேருக்குப் பின் 1964இல் முதலமைச்சரானார். 1968இல் சில மாதங்கள் மீண்டும் அப்பதவியில் இருந்தார். மறைமலை அடிகள் சாலையில் அவருடைய சிலை நிற்கிறது. இன்று பலருக்கு அந்தப் பெயர் ஒரு போக்குவரத்துச் சந்திப்புதான்.

வைத்திலிங்கம் 1985 முதல் நெட்டப்பாக்கம் தொகுதியில் தொடர்ந்து வென்றார். முதல்வராக இருந்த காலம் 1991–96. பிறகு, அன்றைய முதல்வர் ரங்கசாமி பதவி விலகியதையடுத்து, 2008–11. அதே வேளையில் தொகுதி மறுவரையறை அவருடைய சொந்த ஊரை அவரிடமிருந்து பறித்தது: நெட்டப்பாக்கம் தனித்தொகுதியாகிவிட்டது. 2011இல் அவர் நகரத்துக் காமராஜ் நகருக்கு மாற நேர்ந்தது. கிராமத்துச் செல்வாக்கை மட்டும் நம்பியவர் என்றால் அத்துடன் ஒதுங்கியிருப்பார். இவரோ அங்கும் இருமுறை வென்று, எதிர்க்கட்சித் தலைவராகவும், 2016 முதல் பேரவைத் தலைவராகவும் பணியாற்றினார்.

நாடாளுமன்றத்தில் தொடங்கி முதல்வர் நாற்காலிக்கு வருவோர் உண்டு. இவர் வழி தலைகீழ். பேரவைத் தலைவர் பதவியை விட்டு விலகி 2019 மக்களவைத் தேர்தலில் நின்றபோது வயது 68. காரைக்கால், மாகி, ஏனாம் உட்பட ஒன்றியப் பகுதி முழுவதற்கும் தொகுதி ஒன்றே. ஒரு கொம்யூன் வாக்கால் ஆகக்கூடிய காரியமல்ல; ஆனாலும் வென்றார். 2023இல் மாநிலக் காங்கிரஸ் தலைவரானார். அடுத்த ஆண்டு மக்களவைக்கு மறுபடி போட்டி. எதிரே நின்ற பாஜக வேட்பாளர் அன்றைய புதுச்சேரி உள்துறை அமைச்சர் நமச்சிவாயம். அவரும் ஒரு காலத்தில் அதே காங்கிரஸ் தலைவர் நாற்காலியில் இருந்தவர். வைத்திலிங்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.