சிவனு லெட்சுமணன் சம்பளத்துக்காகச் சாகல

மலையகம்னு பேச்செடுத்தாலே அடுத்த கேள்வி, "இப்ப நாட்சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். 2015இல் 1,000 ரூபாய் கேட்டோம். அது வர்த்தமானியில் வர 2021 ஆனது. 2024இல் 1,350 என்றார்கள். அதுக்கிடையில் அரிசி, மாவு விலை எங்கே போனதுன்னு கடைக்குப் போற எல்லாருக்கும் தெரியும். சம்பளத்துக்காகப் போராடத்தான் வேணும். ஆனால் இந்த ஒரு எண்ணையே சுத்திச் சுத்திப் பேசியதில் இன்னொரு கேள்வி பின்னால் தள்ளப்பட்டது: நாம குடியிருக்கிற மண் யாருடையது?

இந்தக் கேள்விக்காக ஒரு தொழிலாளி உயிரையே கொடுத்திருக்கிறார்.

1948 குடியுரிமைச் சட்டம் சுமார் 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருசமே வாக்கும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். எந்தப் பக்கம் போக விருப்பம்னு நம்ம அப்பாயி, தாத்தாக்களிடம் யாரும் கேட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை.

பிறகு காணிச் சீர்திருத்தம் வந்தது. 1972இல் தனியார் காணிகள், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. வெள்ளைக்காரன் கையிலிருந்து மண் போனது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அதில் உழைத்தவனுக்குப் பங்கில்லை. குடியுரிமையே இல்லாதவனுக்கு ஏது காணி! பல தோட்டங்களில் ஆட்களையே விரட்டினார்கள். பசியும் சாவும் லயங்களுக்குள் வந்தது அந்தக் காலத்தில்தான்.

1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடானது. பத்தனைக்குப் பக்கத்து டெவன் தோட்டத்தில் தொழிலாளர்கள் திரண்டு மறித்தார்கள். மே 11, பொலிஸ் சுட்டது. சிவனு லெட்சுமணன் விழுந்தார். மலையகம் கொதித்தெழ, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நமக்கு நினைவிருக்க வேண்டியது இதுதான்: அவர் கூலி உயர்வு கேட்டுச் சாகவில்லை. மண்ணை விட்டுப் போகமாட்டோம்னு நின்று செத்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். பக்கத்து சிங்களக் கிராமத்தவருக்கும் காணி இல்லாத வலி உண்டு. உறுதி காட்ட முடியாத காணியெல்லாம் முடிக்குரியது என்று 1840இல் சட்டம் போட்டுப் பிடுங்கியது ஆங்கிலேய அரசு. அப்படித் திறந்த காணிகளில் உழைக்கத்தான் நம்ம ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கிராமத்தான் மண்ணை இழந்தான், தோட்டத்தான் அதைப் பெறவேயில்லை. ரெண்டு காணியற்றவர்களை மோதவிட்டு அரசியல் நடந்தது. இன்றைக்கும் அது எடுபடுது.

2003இல் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. வாக்கு இருக்கு, அடையாள அட்டை இருக்கு. காணி? 1992க்குப் பிறகு தோட்டங்களை நடத்துவது பிராந்தியக் கம்பனிகள், நிலம் அரசுடையது. நடுவில் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்திருந்தாலும் கையில் உறுதி கிடையாது. உறுதி இல்லாட்டி அதை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. ஒரு அறை கூட்டிக் கட்டணும்னா தோட்ட நிர்வாகத்திடம் அனுமதிக்கு நிற்கணும். தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. புது வீட்டுத் திட்டங்களில் காணித் துண்டு தருகிறார்கள், சரி. ஆனால் லயத்தில் இருப்பவர்கள்தான் இன்னும் ஏராளம்.

சம்பளம் திரும்பத் திரும்பப் பேரம் பேசப்படும். விலைவாசி அதைத் தின்னும். காணி உறுதி அப்படியில்லை. கொழும்பில் கடையில் நிற்கிற தம்பிக்கும், ஹட்டனில் ஏ.எல். படிக்கிற தங்கச்சிக்கும், பெரட்டுக்களத்தில் நிற்கிற அம்மாவுக்கும் அது ஒரேமாதிரி பயன்படும். தோட்ட வேலையில் இல்லாத இளைஞர்கள்தான் இப்ப நம்மில் அதிகம். நாட்சம்பளம் மட்டுமே கோரிக்கைன்னா நமக்கு அதில் என்ன இடம்?

அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வருபவரிடம் சம்பளத்தைக் கேட்போம், விடவேண்டாம். அதோடு இதையும் கேட்போம்: எங்க வீட்டு உறுதி எப்ப வரும்? அதில் அம்மாவின் பேரும் இருக்குமா?