ஐங்கோணிக்கு இடமில்லை என்றார்கள்

அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் கைதர்ஸ்பேர்க் என்னும் நகரில் அந்நாட்டு அரசாங்கத்தின் தேசிய நியமங்கள் பணியகம் இருந்தது. இஸ்ரேலின் ஹைபா நகரிலுள்ள டெக்னியன் நிறுவனத்திலிருந்து விடுமுறை ஆய்வுக்காக அங்கு வந்திருந்தவர் டான் ஷெஷ்ட்மன். அலுமினியத்தையும் மங்கனீசையும் உருக்கிக் கலந்து, மிக வேகமாகக் குளிரவைத்துப் பெற்ற கலப்புலோகம் ஒன்றை 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி அவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். பிரகாசமான புள்ளிகள் வட்டமாகத் தெரிந்தன. எண்ணினார். பத்து இருந்தன. தமது குறிப்பேட்டில் பத்து மடங்கு என்று எழுதி, அதனருகே மூன்று கேள்விக்குறிகளை இட்டார்.

அந்த மூன்று கேள்விக்குறிகளின் கனம் விளங்க வேண்டுமானால் நாம் சிறிது நேரம் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் மேசனின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சதுர ஓடுகளால் தரையை இடைவெளியின்றி நிரப்பலாம். சம முக்கோணியாலும் முடியும், தேன்கூட்டைப் போல அறுகோணியாலும் முடியும். ஒழுங்கான ஐங்கோணியால் மட்டும் முடியாது. அதன் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. மூன்றைச் சேர்த்தால் 324 பாகை வரும், 36 பாகைக்கு வெடிப்பு விழும். நான்காவதை நுழைக்க இடம் போதாது. பளிங்குகளுக்குள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருப்பதும் இவ்வாறுதான் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் கணித ரீதியாக நிறுவியிருந்தனர். ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் அடுக்கு ஒன்றைச் சுழற்றினால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு மடங்குச் சமச்சீர்கள் மட்டுமே சாத்தியம். ஐந்து கூடாது, பத்தும் கூடாது. உப்பு, சீனி, வைரம் என்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான பொருட்கள் எக்ஸ் கதிர்களால் சோதிக்கப்பட்டு இவ்விதி உறுதிப்படுத்தப்பட்டிருந்தது.

ஆகவே ஷெஷ்ட்மன் சொன்னதை எவரும் நம்பவில்லை. அவரது ஆய்வுக் குழுவின் தலைவர் பளிங்கியல் பாடநூல் ஒன்றைக் கொண்டுவந்து அவரது மேசையில் வைத்து, இதைப் படியுங்கள் என்றார். பின்னர் குழுவை விட்டே விலகுமாறு கேட்டுக்கொண்டார். இச்சம்பவத்தைப் பிற்காலத்தில் ஷெஷ்ட்மனே பல தடவைகள் சொல்லியிருக்கிறார்.

வேடிக்கை என்னவெனில், அவர் கண்டதற்கான விடை அப்போதே அச்சில் இருந்தது. ஆனால் அது உலோகவியலாளர் படிக்கும் ஏடுகளில் இருக்கவில்லை. கணிதப் புதிர்ப் பகுதிகளில் இருந்தது. அதன் வேரோ உளவியல் சஞ்சிகை ஒன்றின் அயலில் கிடந்தது. அந்தக் கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று சொல்ல வேண்டும்.

1954ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரில் சர்வதேசக் கணித மாநாடு கூடியது. அதையொட்டி எம்.சி.எஷர் என்ற ஒல்லாந்து ஓவியரின் கண்காட்சி ஒன்றும் நடந்தது. அங்கு சென்ற ரொஜர் பென்றோஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் அந்த ஓவியங்களில் மனதைப் பறிகொடுத்து, தாமும் நடக்கவியலாத ஒன்றை வரைய முயன்றார். முடிவில் கிடைத்தது மூன்று சட்டங்களால் ஆன ஒரு முக்கோணி. எந்த மூலையைத் தனியே பார்த்தாலும் அது சரியான தச்சுவேலை. மூன்று மூலைகளையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியொரு பொருள் உலகில் இருக்கவே முடியாது. சுவீடன் நாட்டு ஓவியர் ஒஸ்கார் ரொய்டர்ஸ்வார்ட் 1934இலேயே இதுபோன்ற ஒன்றை வரைந்திருந்தார் என்பது பென்றோஸுக்கு அப்போது தெரியாது.

ரொஜரின் தந்தை லயனல் பென்றோஸ் மனநல மருத்துவர், மரபியல் அறிஞர். தந்தையும் மகனும் சேர்ந்து எழுதிய சிறு கட்டுரை 1958இல் பிரித்தானிய உளவியல் சஞ்சிகையில் வெளிவந்தது. கண் துண்டு துண்டாகச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதை மூளை முழுமையாகக் கோக்க முயன்று தோற்பதையே அந்தக் கட்டுரை காட்டியது. முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும் படிக்கட்டும் அதில் இருந்தது. கட்டுரையின் பிரதி எஷருக்கு அனுப்பப்பட்டது. 1960இல் அவர் அந்தப் படிக்கட்டையும், 1961இல் அந்த முக்கோணியைக் கொண்டு ஓயாது விழும் அருவியையும் வரைந்தார். ஓவியரிடமிருந்து கணிதத்துக்கும், கணிதத்திலிருந்து உளவியலுக்கும், அங்கிருந்து மீண்டும் ஓவியத்துக்குமாக ஏழே ஆண்டுகளில் ஒரு சுற்று முடிந்தது. பின்னர் ரிச்சர்ட் கிரகரி என்ற உளவியலாளர் அந்த முக்கோணியை மரத்தாலேயே செய்து காட்டினார். ஒரேயொரு கோணத்திலிருந்து பார்த்தால் மட்டுமே அது மூடிய முக்கோணியாகத் தெரியும். இரகசியம் தெரிந்தவருக்கும் அந்தக் கோணத்தில் அப்படியே தெரியும் என்பதே உளவியலாளருக்கு முக்கியமான செய்தி.

அருகருகே சரி, மொத்தத்தில் என்னவாகும்? இந்தக் கேள்வியை வேறு வழியாக வந்து சந்தித்தவர்களும் இருந்தனர். 1961இல் ஹாவோ வாங் என்ற தர்க்கவியலாளர், விளிம்புகளுக்கு நிறம் பூசிய சதுர ஓடுகளை எடுத்துக்கொண்டு, ஒரே நிறங்கள் தொடும்படி தளத்தை நிரப்ப முடியுமாயின் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும்படியும் நிரப்ப முடியும் என்று ஊகித்தார். அவரது மாணவர் ரொபர்ட் பேர்கர் அது பிழை என்று நிறுவினார். கோலம் ஒருபோதும் மீளாதபடி மட்டுமே தளத்தை நிரப்பும் ஓடுகள் உண்டு. ஆனால் பேர்கருக்கு 20,426 வகை ஓடுகள் தேவைப்பட்டன! 1971இல் ரபாயல் ரொபின்சன் அதை ஆறாகக் குறைத்தார். 1974இல் பென்றோஸ் இரண்டாகக் குறைத்தார்.

பென்றோஸின் இரண்டு ஓடுகளில் ஒன்று பட்டம் போன்றது, மற்றது அம்புமுனை போன்றது. அவற்றை விதிப்படி அடுக்கிக்கொண்டே போனால் ஐந்து மடங்குச் சமச்சீர் எங்கும் எட்டிப் பார்க்கும், கோலமோ ஒருபோதும் தன்னைத் தானே மீட்டாது. ஏன் மீட்டாது என்பதற்கான காரணம் எளிது. எல்லையற்ற தளத்தில் பட்டங்களுக்கும் அம்புமுனைகளுக்கும் உள்ள விகிதம் பொன் விகிதம், அதாவது 1.618 என்று தொடங்கி முடிவின்றிச் செல்லும் எண். ஒரே துண்டு மீள மீள வந்தால் அந்த விகிதம் இரண்டு முழு எண்களின் விகிதமாகவே இருக்க வேண்டும். பொன் விகிதத்தை அப்படி எழுத முடியாது.

1977 ஜனவரியில் சயன்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் மார்ட்டின் கார்ட்னர் தமது பத்தியில் இதை எழுதிய பின்னரே உலகம் அறிந்துகொண்டது. கார்ட்னர் கணிதப் பேராசிரியர் அல்லர், பத்தி எழுத்தாளர் என்பதை எமது தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் சற்றுப் பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். அவருக்குக் கடிதம் எழுதியவர்களுள் ரொபர்ட் அம்மன் என்பவரும் ஒருவர். தபால்களைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்த அம்மன், எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல் இத்தகைய ஓடுகளைத் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்.

(1997இல் இந்தக் கோலத்தை அனுமதியின்றி மலசலகூடக் கடதாசியில் பதித்துவிட்டதாகக் கம்பனி ஒன்றின் மீது பென்றோஸ் தரப்பு வழக்குத் தொடுத்ததும், அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டதும் தனிக் கதை.)

லண்டனில் அலன் மக்கே என்ற பளிங்கியலாளர் அந்த ஓடுகளின் மூலைகளில் அணுக்கள் இருந்தால் என்ன தெரியும் என்று கேட்டார். ஒளியைச் செலுத்திப் பார்த்தார். பத்து மடங்குப் புள்ளிகள் தெரிந்தன. அவரது கட்டுரை வெளிவந்தது 1982இல். அட்லாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில் ஷெஷ்ட்மன் அதே பத்துப் புள்ளிகளை உலோகத்தில் எண்ணிய ஆண்டும் அதுவே. ஒருவரை ஒருவர் அறியார்.

ஷெஷ்ட்மன் தனியாகவே நின்றார். இலான் பிளெக் என்ற சக விஞ்ஞானி துணைக்கு வந்தபின் இருவரும் எழுதிய கட்டுரையைச் சஞ்சிகை ஒன்று திருப்பி அனுப்பியது. ஜோன் கான், டெனிஸ் கிராஷியாஸ் ஆகியோரும் கைகொடுக்க, 1984 நவம்பரில் நால்வரின் பெயரில் அது வெளிவந்தது. அடுத்த மாதமே போல் ஸ்டைன்ஹார்ட்டும் அவரது மாணவர் டொவ் லெவினும் பென்றோஸின் ஓடுகளைக் கொண்டு அதற்குப் பௌதிக விளக்கம் தந்து, குவாசிப் பளிங்கு என்று பெயரும் சூட்டினர்.

அதன் பிறகுதான் உண்மையான சண்டை. எதிர்த்து நின்றவர் லைனஸ் போலிங். இரண்டு நோபல் பரிசுகளை எவருடனும் பகிராமல் பெற்ற ஒரே மனிதர். இரசாயனப் பிணைப்பின் இலக்கணத்தை எழுதியவர். சாதாரணப் பளிங்குகள் பல கோணங்களில் ஒட்டிக்கொண்டு ஐந்து மடங்குபோல் கண்ணை ஏமாற்றுகின்றன என்பது அவர் வாதம். குவாசிப் பளிங்கு என்று ஒன்றில்லை, போலி விஞ்ஞானிகள்தான் உண்டு என்ற பொருள்பட அவர் மேடையில் பேசியதாக ஷெஷ்ட்மன் கூறுகிறார். போலிங்கை மூடர் என்று இன்று எழுதுவது எளிது. அது நியாயமன்று என்பது என் கருத்து. ஒட்டிய பளிங்குகள் இத்தகைய தோற்றத்தைத் தருவது உண்மையிலேயே உண்டு, அந்த ஐயத்தை யாராவது எழுப்பியே ஆகவேண்டும். ஆனால் 1987இல் ஜப்பானில் ஆன்-பாங் சாய் குழுவினர் அலுமினியம், செப்பு, இரும்பு மூன்றையும் கலந்து பெரிய, சீரான குவாசிப் பளிங்குகளை வளர்த்துக் காட்டினர். எக்ஸ் கதிர்களும் அதையே சொல்லின. அதன் பின்னரும் 1994இல் இறக்கும் வரை போலிங் இறங்கி வரவில்லை. அங்கே ஐயம் பிடிவாதமாகிவிட்டது.

1992இல் சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியம் பளிங்கு என்ற சொல்லின் வரைவிலக்கணத்தையே மாற்றியது. திரும்பத் திரும்ப வரும் அடுக்கு என்பது நீங்கி, தெளிவான புள்ளிக் கோலத்தைத் தருவது என்றாயிற்று. 2011இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு ஷெஷ்ட்மனுக்கு, அவருக்கு மட்டுமாக, வழங்கப்பட்டது. பென்றோஸுக்கு 2020இல் பௌதிகவியல் நோபல் கிடைத்தது, ஆனால் அது கருந்துளைகளுக்காக.

மனிதன் இப்பொருளை ஆய்வுகூடத்தில் செய்வதற்கு முன்பே இயற்கை செய்துவிட்டதா என்று தேடியவர் ஸ்டைன்ஹார்ட். இத்தாலியின் புளோரன்ஸ் நகர நூதனசாலையில் லூகா பிந்தி கண்டெடுத்த சிறு கல்லொன்றில் 2009இல் விடை கிடைத்தது. அதன் மூலத்தைத் தேடி 2011இல் ரஷ்யாவின் தூரகிழக்கிலுள்ள கொர்யாக் மலைகளுக்குச் சென்றவர்கள், அது வானிலிருந்து விழுந்த கல் என்று கண்டனர். 2021இல் வெளியான மற்றொரு செய்தி மனதை உறுத்தியது. 1945 ஜூலை 16ஆம் திகதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதலாவது அணுகுண்டு வெடித்தபோது மணலும் செப்புக் கம்பிகளும் உருகி உறைந்த சிவப்புக் கண்ணாடிக்குள்ளும் ஒரு குவாசிப் பளிங்கு இருந்தது. மனிதன் செய்தவற்றுள் இன்று அறியப்பட்ட மிகப் பழையது அதுவே.

இஸ்பஹானில் 1453இல் எழுந்த தர்ப்-இ-இமாம் தலத்தின் சுவரில் இதற்கு மிக நெருங்கிய கோலம் இருப்பதாக 2007இல் பீட்டர் லூவும் ஸ்டைன்ஹார்ட்டும் எழுதினர். அந்தக் கைவினைஞர்கள் கணிதத்தை எவ்வளவு தூரம் உணர்ந்திருந்தனர் என்பதில் அறிஞரிடையே இணக்கமில்லை. சுவர் மட்டும் ஐயத்துக்கு இடமின்றி அழகாக இருக்கிறது.

இரண்டு ஓடுகளை ஒன்றாகக் குறைக்க முடியுமா என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகள் நிலுவையில் கிடந்தது. தீர்த்தவர் இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் நகரில் வசிக்கும் டேவிட் ஸ்மித், ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பவியலாளர். 2022 நவம்பரில் கணினியில் உருவங்களுடன் விளையாடிக்கொண்டிருந்தவர் பதின்மூன்று பக்கங்கள் கொண்ட ஓர் உருவத்தில் சந்தேகம் கொண்டு, அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் கப்லன் முதலானோருடன் சேர்ந்து 2023 மார்ச்சில் நிறுவலை வெளியிட்டார். தொப்பி என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைச் சில இடங்களில் புரட்டி வைக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தவர்களுக்கு, புரட்டவே தேவையில்லாத வேறோர் உருவத்தை அதே ஆண்டு மே மாதம் கொடுத்தார்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: குவாசிப் பளிங்கு கடினமானது, வழுக்குவது, வெப்பத்தை எளிதில் கடத்தாதது. பிரான்ஸில் பொரிக்கும் தாச்சிகளுக்குப் பூசிப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. சுவீடனில் உருக்குக்குள் நுண்துகள்களாக உருவாகியதால் சவர அலகுகளும் கண் சத்திரசிகிச்சை ஊசிகளும் உறுதி பெற்றன. ஆனால் எனக்குச் சுவாரசியமானது வேறொரு கேள்வி. அணுவுக்குத் தன் அயலவரை மட்டுமே தெரியும். தொலைவிலுள்ள ஒழுங்கை அது எப்படிக் காக்கிறது? திரும்பத் திரும்ப வரும் அலகு இல்லாததால் வழமையான கணினிக் கணிப்பு முறை இங்கே செல்லாது. 2025இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் பெரிய பளிங்கிலிருந்து சிறு துணுக்குகளை அகழ்ந்தெடுப்பதுபோல் எடுத்துக் கணித்து, இரண்டு குவாசிப் பளிங்குகள் சக்தி அடிப்படையிலேயே உறுதியானவை என்று காட்டினர். கண்ணாடியைப் போல் அவசரத்தில் உறைந்தவை அல்ல அவை.

கைதர்ஸ்பேர்க்கில் அந்தப் பணியகம் 1988இல் பெயர் மாறி, நியமங்களுக்கும் தொழில்நுட்பத்துக்குமான தேசிய நிறுவனம் ஆகியது. அங்கு, சேர்க்கோனியம் கலந்த அலுமினியத் தூளை லேசர் கதிரால் உருக்கி முப்பரிமாண அச்சில் வார்த்த கலப்புலோகம் ஏன் இத்தனை உறுதியாக இருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் அதற்குள்ளே குவாசிப் பளிங்குகளைக் கண்டனர். அலுமினியத்தின் சீரான அடுக்கை அவை குலைப்பதால் அணு அடுக்குகள் எளிதில் வழுக்கவில்லை. 2025இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காக அவர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழே துணுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இரண்டு மடங்கு, ஒரு பக்கம் மூன்று மடங்கு, மற்றொரு பக்கம் ஐந்து மடங்கு.