சாயவேர்: ஒரு சிவப்பின் பெயர்

செசாரே ஃபெதெரிச்சி வெனிசு நகரத்து வணிகர். 1563இல் கிழக்கே புறப்பட்டவர், பதினெட்டு ஆண்டுகள் துறை துறையாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். 1587இல் அச்சான அவருடைய பயணநூலில் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் துறையும் வருகிறது. அங்கிருந்து பெகு நாட்டுக்குப் போன கப்பலில் சிவப்பேற்றிய பருத்தி நூல் மிகுதியாக இருந்ததாம். அந்தச் சிவப்பைத் தரும் வேரின் பெயர் ‘சாயா’ என்கிறார். நிறம் போகவே போகாது என்றும் வியக்கிறார்.

அந்தச் ‘சாயா’ நம் சாயவேர். தேநீருக்குச் சொல்லும் சாயா சீனத்திலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சாந்தோம் கரையில் நூல் வியாபாரிகள் வாயில் புழங்கிய சொல்லின் முற்பாதியை மட்டும் அவர் காதில் வாங்கியிருக்க வேண்டும். பின்னால் வந்த டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் அதே பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பல எழுத்துக்கூட்டல்களில் அலைந்து, ஆங்கிலத்தில் அது ‘சே’ என்று நிலைத்தது. தெலுங்கில் இதே வேருக்கு ‘சிரிவேரு’. 1795இல் வெளியான வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவர நூலின் முதல் தொகுதியில் இந்தச் செடியின் படம் உண்டு. தாவரவியலார் வைத்த பெயர் ஓல்டென்லாண்டியா உம்பெல்லாட்டா. காப்பிச் செடியும் மஞ்சிட்டியும் இதே குடும்பம். சித்த மருத்துவர்களுக்கு இது இம்பூறல். இரத்த வாந்திக்கு மருந்து.

செடியைப் பார்த்தால் யாரும் நின்று கவனிக்கமாட்டார்கள். தரையோடு படரும், ஊசிபோல் இலை, பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. பிடுங்கினால்தான் சங்கதி தெரியும். மெல்லிய நீண்ட வேர், அதன் தோல் ஆரஞ்சு நிறம். சாயம் அந்தத் தோலில் இருக்கிறது.

என்னை இழுத்ததும் பெயரின் அந்த முற்பாதிதான். நிறம் தரும் செடிகள் தமிழ் நிலத்தில் எத்தனையோ. நீலத்துக்கு அவுரி. சிவப்புக்கே மஞ்சிட்டி உண்டு, நுணா வேர் உண்டு. அவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர். இந்த ஒரு வேர் மட்டும் எல்லா நிறத்துக்கும் பொதுவான ‘சாயம்’ என்ற சொல்லையே தன் பெயராக்கிக்கொண்டது. கெட்டிச் சாயம் என்றால் இதுதான் என்று கரையோரச் சாயக்காரர்கள் நினைத்ததால் வந்த பெயர் என்பதே என் துணிபு. மஞ்சளில் தோய்த்த துணியை நாலு நாள் வெயிலில் போட்டால் வெளிறிவிடும். சாயவேர்ச் சிவப்பைத் துவைத்து வெயிலில் போட்டால் இன்னும் தெளியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்ணத் துணிகளை 16ஆம் நூற்றாண்டிலேயே மலாக்காவுக்கு அனுப்பிய பழவேற்காட்டின் பெயரிலும் இந்த வேரைத் தேட ஆசை வரும். புணர்ச்சி விதி இடம் கொடுக்காது. வேரும் காடும் சேர்ந்தால் வேர்க்காடு. வேலும் காடும் சேர்ந்தால்தான் வேற்காடு. அது வேலங்காடு.

வேர் நன்றாக விளைந்த இடங்கள் எல்லாம் கடலோர மணல். சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்த மணலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சிவப்பு பளிச்சென்று பிடிக்கவும் சுண்ணாம்பு வேண்டும். அதனால் நீரிலுள்ள சுண்ணாம்பைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சிவப்பு மாறும். கிருஷ்ணா கழிமுகத்துப் பெட்டபோலி வேருக்குத் தனி மதிப்பு. இலங்கையில் யாழ்ப்பாணமும் மன்னாரும் பெயர் பெற்றவை. அங்கே வேர் தோண்டுவதே சில குடும்பங்களின் தொழிலாக இருந்தது, டச்சு ஆட்சி அந்த வேரைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது. பயிரிட்டும் எடுத்தார்கள், இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் தானே முளைத்த காட்டு வேரில்தான் சாயம் கூடுதல் என்று ராக்ஸ்பரோ எழுதுகிறார்.

பருத்தி லேசில் சாயம் பிடிக்காது. பட்டும் கம்பளியும் இணங்கிப் போகும். பருத்தியைப் பக்குவப்படுத்தியாக வேண்டும். கோடித் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்ப் பொடி கரைத்த எருமைப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு இழையைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் தடுக்கும். துணி இளமஞ்சளாகி, பால்வாடை அடிக்கும். அடுத்தது கலம். கூர் சீவிய மூங்கில் குச்சியில் துணியையோ மயிரையோ சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள்; அதை விரலால் அழுத்த அழுத்த நீர் இறங்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவிட்ட காடியால் எழுதினால், கடுக்காய் பட்ட துணியில் கோடு உடனே கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் எழுதுவது படிகார நீர். அதற்கு நிறமே கிடையாது. எங்கே எழுதினோம் என்று தெரிவதற்காகப் பழைய கைகள் அதில் கொஞ்சம் பதிமுகக் கட்டைச் சாறு கலந்துகொள்ளும். பின்னால் அது கழுவலில் போய்விடும்.

உலர்ந்த துணியை ஓடும் நீரில் அலசி, இடித்த வேர் போட்ட தண்ணீரில் இறக்குவார்கள். அடுப்பை எரியவிடாமல் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். நான் இதை முதலில் செய்து பார்த்தபோது பானையை விட்டு நகர முடியவில்லை. தண்ணீர் மண்பழுப்பாகத்தான் இருக்கிறது. துணியைக் கோலால் தூக்கினால், படிகாரம் பட்ட இடம் முதலில் சால்மன் மீன் சதைபோல் வெளுப்பாகவும், மறுமுறை தூக்கும்போது செங்கல்லாகவும், கொதி நெருங்கும்போது இரத்தச் சிவப்பாகவும் வந்து நிற்கிறது. ஒரே வேர்நீர்தான், காடியும் படிகாரமும் கலந்து எழுதிய இடம் மட்டும் கத்தரிப்பூ நிறமாகிறது. எழுதாத வெள்ளையிலும் மங்கலாய் ஒரு ரோஜா நிறம் ஒட்டும். அதை எடுக்கச் சாணிநீரில் ஊறவைத்து, மணலில் விரித்து, காயக் காய நீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் வெள்ளையை வெளுக்கும், சிவப்பைத் தொடாது. அப்படி வந்த துண்டில் ஊசி இறங்கும் சுகம் வேறு: பலமுறை நனைந்து காய்ந்ததில் நூல் பூப்போல் இளகியிருக்கும், கைத்தையல் சுருங்காமல் படியும்.

இந்தப் பக்குவம் ஐரோப்பாவுக்குத் தெரியாது. பிரான்சு 1686இல் வண்ணத் துணிகளுக்குத் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்தும் தடுத்தது, 1721இல் அந்தத் தடையை இறுக்கியது. தடை ஒரு பக்கம், தொழில் இரகசியத்தைத் தேடுவது மறுபக்கம். புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியே, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போனார். அந்தத் துண்டுகள் பாரிசில் இன்றும் உள்ளன. இயேசு சபைப் பாதிரியார் கேர்து, தாம் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை 1742இல் கடிதமாக எழுதினார். சொல்லிக்கொடுத்த தமிழ், தெலுங்குக் கைகளின் பெயரும் அதில் நின்றிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு அடங்கவில்லை.

வேருக்கு முடிவு 1868இல் வந்தது. கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மன் வேதியியலார், ஐரோப்பிய மஞ்சிட்டி வேரின் சாயப்பொருளான அலிசரினைத் தார்ப்பொருளிலிருந்து செய்துகாட்டினார்கள். சாயவேரின் சிவப்பும் அதே அலிசரின்தான். சில ஆண்டுகளில் அது டப்பாவில் இங்கே வந்திறங்கியது. இரண்டு ஆண்டு விளையும் வேருக்காக யார் காத்திருப்பார்கள்? ‘சாயம்’ என்ற சொல் வேரை விட்டுத் தனியாகப் பிரிந்தது. சாயப்பட்டறை என்றால் இன்று நமக்குச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன திருப்பூர் ஆலைகளும்தான் நினைவில் வருகின்றன.

தஞ்சைப் பகுதிக் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் விதானமும் தொம்பையும் எழுதும் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன, குறைவது வேர். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள், முழுச் செடியாக, வேர் கொஞ்சமும் தழை நிறையவுமாக. சாயவேர் என்று கேட்டால் எந்த வேர் என்று திருப்பிக் கேட்கிறார்கள். மணற்பாங்கான கொல்லையுள்ளவர்கள் ஒரு பாத்தி போட்டு இரண்டு ஆண்டு விட்டுவைத்தால் நல்ல வேரே கிடைக்கும். கிணற்று நீரில் சுண்ணாம்பு இருந்தால் இன்னும் நல்லது.