பதினாலு ஊசி

உங்கள் வீட்டு நாய்க்கு என்ன பெயர்? டாமி, ஜிம்மி, மணி, எதுவாகவும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையானால் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள். காது மடலைத் திருப்பி உண்ணி பார்க்கிறீர்கள். கை கொடுக்கப் பழக்கியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. அதற்கு ரேபிஸ் ஊசி போட்ட அட்டை எங்கே இருக்கிறது? பீரோவுக்குள்ளா, டி.வி. ஸ்டாண்டுக்கு அடியிலா? அதில் எழுதியிருக்கும் கடைசித் தேதி என்ன?

முழிக்கிறீர்கள் இல்லையா? முழிப்பது நீங்கள் மட்டுமல்ல. திருச்சியில் கைலாசபுரம் என்றொரு இடம். பெல் தொழிற்சாலைக்காரர்களின் டவுன்ஷிப். மரங்கள் அடர்ந்த தெருக்கள், வரிசையாகக் குவார்ட்டர்ஸ்கள். காலை நேரத்தில் போனால் மனிதர் நாயை இழுக்கிறாரா, நாய் மனிதரை இழுக்கிறதா என்று தெரியாதபடி ஒரு நடைப்பயிற்சி நடந்துகொண்டிருக்கும். அவர்களை நிறுத்தி இதே கேள்வியைக் கேட்டாலும் பாதிப் பேர் யோசித்துத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஆனால், 1960களில் அங்கே குடிவந்த தலைமுறையில் யாராவது ஒரு பெரியவரிடம் 'நாய்க்கடி' என்று சொல்லிப் பாருங்கள். கை தன்னாலே வயிற்றைத் தொடும்.

பதினாலு ஊசி. தொப்புளைச் சுற்றி.

தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டின் குழந்தைகளை நாயிடமிருந்து தள்ளி நிற்க வைத்தது இந்த இரண்டு வரிதான். அது எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்பது ஒரு கதை. அந்த ஊசி நாய்க்குப் போகாமல் ஏன் மனிதன் வயிற்றுக்குள் போனது என்பது இன்னொரு கதை. இரண்டும் ஒரே ஆளிடம்தான் ஆரம்பிக்கின்றன.

லூயி பாஸ்டர். பிரெஞ்சுக்காரர். வேதியியல் படித்தவர், டாக்டர் அல்ல. 1880களில் அவர் முயல்களுக்கு வெறிநோயை ஏற்றி, செத்த முயலின் முதுகுத்தண்டை எடுத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். காயக் காய விஷம் குறையும். முதலில் நன்றாகக் காய்ந்தது, அடுத்த நாள் கொஞ்சம் குறைவாகக் காய்ந்தது என்று படிப்படியாக ஏற்றினால் உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். இதை அவர் முதலில் யாருக்குச் செய்து பார்த்தார்? நாய்களுக்கு. ஐம்பது நாய்கள். ஐம்பதும் தப்பித்தன.

நியாயமாக அடுத்த அடி என்ன? ஊரிலுள்ள நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டுவிட வேண்டியதுதானே. பாஸ்டர் அதையும் யோசித்தார். பாரீஸில் மட்டும் ஒரு லட்சம் நாய்கள். வெளியூர்களில் இருபத்தைந்து லட்சம். ஒவ்வொன்றுக்கும் பல ஊசிகள். அத்தனை முயலுக்கு எங்கே போவது, நாய்களை எங்கே கட்டிவைப்பது? கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார். கணக்குப் படித்தவன் என்கிற முறையில் எனக்கு அவர் மீது வருத்தமில்லை. அன்றைய தேதிக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால், உலகத்தின் பெரும்பகுதி அந்தப் பழைய கணக்கையே அடுத்த நூறு வருஷத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டதுதான் கொடுமை.

நாய்களை விட்டால் மீதி இருப்பது நாய் கடித்த மனிதர்கள். இங்கே ஒரு வசதி உண்டு. இந்தக் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடித்த இடத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். அதற்குள் உடம்பைத் தயார் செய்துவிட்டால் ஆள் பிழைத்தார். மூளையைத் தொட்டுவிட்டதா? முடிந்தது. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும், காற்று பட்டால் உடம்பு துடிக்கும். அதற்கப்புறம் பிழைத்தவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

1885 ஜூலை 6-ம் தேதி ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை அவனது அம்மா பாரீஸுக்குக் கூட்டி வந்தார். இரண்டு நாளைக்கு முன்னால் வெறிநாய் கடித்துக் குதறியிருந்தது. பாஸ்டர் ஊசியைத் தொட முடியாது, சட்டம் ஒத்துக்கொள்ளாது. கிராஞ்சே என்ற டாக்டர் போட்டார். மொத்தம் பதின்மூன்று ஊசி. பையன் பிழைத்தான். பின்னாளில் பாஸ்டர் நிறுவனத்திலேயே வாயில் காவலராக வேலை பார்த்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900-ல் வந்தது. எங்கே? சிம்லாவுக்குப் பக்கத்தில், கசௌலியில். யோசித்துப் பாருங்கள். 1902-ல் திருச்சிக் கோட்டைத் தெருவில் ஒரு பிள்ளையை வெறிநாய் கடித்தால் 2,500 கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் போக வேண்டும். அப்புறம் மலை ஏற வேண்டும். வசதி இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும்தான், மந்திரிப்பவர்தான்.

அந்த 1902-ல் லில்லி பக்கென்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண்ணை வெறிநாய் கடித்தது. தென்னிந்தியாவில் மருந்தில்லை. இறந்துபோனார். அதுவரை எத்தனை ராமசாமிகளும் குப்பம்மாக்களும் இதே நோயில் போயிருப்பார்கள்! யாரும் கணக்கு வைக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் இறந்ததும்தான் அரசாங்கத்துக்குச் சுருக்கென்றது. கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, அந்தச் சுருக்கில் விளைந்த நன்மை நமக்கும் வந்து சேர்ந்தது.

பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹென்றி ஃபிப்ஸ். இரும்பு ராஜா ஆண்ட்ரூ கார்னகியின் பார்ட்னர். ஏதாவது நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று வைஸ்ராய் கர்சனிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்திருந்தார். அதில் பெரும்பகுதி பீகாரில் பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக, ஒரு லட்ச ரூபாய் நீலகிரிக்கு வந்தது. 1907 ஏப்ரல் 6. குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் வேலையைத் தொடங்கியது.

குன்னூர் வரைக்கும் 1899-லேயே மலை ரயில் வந்துவிட்டது. திருச்சிக்காரர் ஈரோடு, கோயமுத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் போய், பல்சக்கர ரயிலைப் பிடித்தால் மேலே ஏறிவிடலாம். நீண்ட பிரயாண பயம் ஒன்றிரண்டு நாளாகச் சுருங்கியது. ஆனாலும் ஆள்தான் மருந்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

அதை மாற்றியவர் டேவிட் செம்பிள். பிரிட்டிஷ் ராணுவ டாக்டர். கசௌலியில் இருந்தவர். 1911-ல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையைக் கரைத்து, கார்பாலிக் அமிலத்தைக் கலந்து கிருமியைக் கொன்றுவிடுவது. செத்த கிருமி என்பதால் குப்பியில் அடைத்துப் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பலாம். மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து போனது. இப்போது புரிகிறதா? நம் பதினாலு ஊசி இதுதான். செம்பிள் மருந்து.

ஏன் தொப்புள்? அதில் ஒரு ரகசியமும் இல்லை. ஒரு வேளைக்கு 5 மில்லி வரை ஏற்ற வேண்டும். அத்தனையும் தோலுக்கு அடியில் போக இடம் வேண்டும். கையில் இடமில்லை. வயிற்றில் தாராளமாக இருக்கிறது. இன்று இடது பக்கம், நாளை வலது பக்கம், அடுத்த நாள் கீழே. பதினாலு நாளில் வயிறு பூராவும் கட்டி கட்டியாக வீங்கிவிடும். இதைப் பார்த்த பையன்கள்தான் 'வயிற்றுக்குள் நாய்க்குட்டி வளரும், அதைக் கொல்லத்தான் ஊசி' என்று தெருவில் கதை கட்டினார்கள்.

வலி கூடப் பரவாயில்லை. ஆட்டு மூளை நம் உடம்புக்குள் போகிறது அல்லவா? சிலருக்கு உடம்பு அதை எதிர்க்கிறேன் பேர்வழி என்று தன்னுடைய நரம்பையே தாக்க ஆரம்பித்துவிடும். கை கால் விழுந்துவிடும். நோய்க்குப் பயந்து ஊசி, ஊசிக்குப் பயந்து பாதியில் ஓட்டம். ஓடியவர்களில் எத்தனை பேர் அப்புறம் செத்தார்கள் என்பதற்கும் கணக்கு கிடையாது. மற்ற பல நாடுகள் கைவிட்ட பிறகும் இந்தியா இதை விடவில்லை. மலிவு, அதுதான் காரணம். 2004 முடிகிற நேரத்தில்தான் தயாரிப்பு நின்றது. 93 வருஷம்!

இன்றைக்கு ஆய்வகத்தில் வளர்த்த செல்லிலிருந்து எடுக்கும் மருந்து. கையில் போடுகிறார்கள். 2006-ல் தோலின் மேலடுக்கிலேயே போடும் முறைக்கு அனுமதி வந்தது. ஒரு வேளைக்கு 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில். ஒரு மில்லி குப்பியை ஐந்து பேருக்குப் பங்கிடலாம். நாலே தடவை: கடித்த அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ரத்தம் வருகிற மாதிரிக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும். கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாமே மனிதனுக்குப் போட்ட ஊசி. நாய் விஷயத்தில் என்ன நடந்தது?

இங்கிலாந்துக்காரன் முகமூடி போட்டான். வாய்க்கூடு மாட்டாத நாய் தெருவுக்கு வரக் கூடாது, வெளிநாட்டு நாய் கப்பலில் இறங்கக் கூடாது. 1902-ல் நோய் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் ஆசை ஆசையாக நாய்களைக் கடத்திவர, 1918-ல் மறுபடி தலைகாட்டியது. 1922-க்குள் மறுபடி துரத்தினார்கள். ஜப்பான்காரன்தான் பாஸ்டர் விட்ட இடத்தைப் பிடித்தான். 1921-ல் உமேனோ, டோய் என்ற இருவர் நாய்களுக்கென்றே தடுப்பூசி செய்தார்கள். 1950-ல் சட்டம் வந்தது. வளர்க்கிற நாயைப் பதிவு செய், வருஷா வருஷம் ஊசி போடு. தெருநாய்களைப் பிடித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1957-க்குப் பிறகு அந்நாட்டில் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றிரண்டைத் தவிர ரேபிஸ் இல்லை. ஏழே வருஷம்.

நாம்? கார்ப்பரேஷன் நாய் வண்டி. கழுத்தில் வில்லை இல்லாத நாயைச் சுருக்குப் போட்டுப் பிடித்துக் கொன்றோம். புளூ கிராஸ் தரும் கணக்குப்படி சென்னையில் 1860-ல் இது தொடங்கியபோது நாளைக்கு ஒரு நாய்கூடத் தேறவில்லை. 1995-ல் நாளைக்கு 135. நூற்று முப்பத்தைந்து வருஷம் கொன்றும் நாய் குறையவில்லை, நோயும் குறையவில்லை. குப்பைத்தொட்டி அங்கேயே இருந்தது. ஒரு நாய் போன இடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஊசி போடாத இன்னொன்று வந்தது. அவ்வளவுதான்.

1959-ல் சென்னை மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்த விமானி கேப்டன் வி. சுந்தரம் ஆரம்பித்ததுதான் புளூ கிராஸ். கொல்லாதீர்கள், கருத்தடை செய்து, ஊசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று அவர்கள் சொன்னது 1964-ல். மாநகராட்சி காதில் விழுந்தது 1996-ல். நாடு முழுக்க விதியாக வந்தது 2001-ல்.

நாய்க்கடி கூடிக்கொண்டே போகிறதே என்பீர்கள். நியாயம்தான். 2024-ல் தமிழ்நாட்டில் மட்டும் 4.8 லட்சம் பேரை நாய் கடித்தது, 43 பேர் ரேபிஸில் இறந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் ஊசி போட்டு, கருத்தடை செய்து விடச் சொல்லித் திருத்தியது. நாட்டில் பாதிப் பேர் நாய்க் கட்சி, பாதிப் பேர் எதிர்க் கட்சி. இந்தச் சத்தத்தில் கோவாவை யாரும் கவனிக்கவில்லை. அங்கே 2013-லிருந்து கைவலையோடு தெருத் தெருவாகப் போனார்கள். நாயை வலையில் பிடி, ஊசி போடு, அடையாளத்துக்கு முதுகில் சாயம் தடவு, விடு. இலக்கு நூற்றுக்கு நூறுகூட இல்லை. நூறில் எழுபது நாய்க்குப் போட்டால் கிருமிக்குத் தாவ ஆள் கிடைக்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2021-ல் அந்த மாநிலம், மூன்று வருஷமாக ஒருவர்கூட ரேபிஸில் சாகவில்லை என்று அறிவித்தது.

அந்த எழுபதில் ஒன்று உங்கள் டாமி. வீட்டுக்குள்ளேயே கிடக்கிற நாய்க்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கேட் திறந்திருக்கிற பத்து நிமிஷம் போதும். குட்டி பிராண்டினால் ஒன்றும் ஆகாது என்பது அதைவிட ஆபத்தான நம்பிக்கை. குட்டி கடித்ததை அலட்சியம் செய்து இறந்தவர்கள் நிறைய. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிற தேதியில் ஒரு பூஸ்டர், பிறகு வருஷத்துக்கு ஒன்று. நாய், பூனை எது கடித்தாலும் பிராண்டினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி வேண்டாம், சூடு வேண்டாம், கட்டும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

பாஸ்டர் இறந்தது 1895 செப்டம்பர் 28. அந்த நாளை உலக ரேபிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். அதையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடத்துவதுண்டு. பேப்பரில் ஓரத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள். பூனைக்கும் போடுவார்கள். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூடி போட்ட கூடையில் கொண்டுபோங்கள். வரிசையில் முன்னால் நிற்பது உங்கள் பக்கத்து வீட்டு நாயாக இருக்கும்.